மலைக்கு ஒரு நாள் முகாம் போதாது: சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளுக்கு மருத்துவ முகாம்களை அனுப்பிவரும் தொண்டூழியர் குழுக்களுக்கும், அவற்றுக்கு மனமுவந்து நிதி வழங்கும் நன்கொடையாளர்களுக்கும் வணக்கம்.

நான் சிங்கப்பூரில் பிரசவ அறைத் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு உங்களைப் போன்ற குழுக்களோடு தொண்டூழியராக மலைக்கிராமங்களுக்குச் சென்று வந்திருக்கிறேன். அங்கே கண்டதையும் தொழிலில் கற்றதையும் சேர்த்துப் பார்த்து ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்கிறேன். பழங்குடிக் கர்ப்பிணிப் பெண்களுக்கென்று நீங்கள் ஒதுக்கும் பணத்தை ஒரு நாள், இரண்டு நாள் முகாம்களுக்குச் செலவிடாமல், அந்தச் சமூகங்களைச் சேர்ந்த பெண்களையே தாதியராகவும் மருத்துவச்சிகளாகவும் படிக்க வைத்து, படித்து முடித்தபின் அவர்களுக்குச் சம்பளமும் கொடுத்து, குறைந்தது பத்தாண்டுகள் அதைத் தொடருங்கள். இம்மடலில் நான் சொல்லவிருப்பவை யாவும் இந்த ஒரு வேண்டுகோளுக்கான காரணங்களே.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். தமிழ்நாடு தாய்நலத்தில் பின்தங்கிய மாநிலம் இல்லை. 2018-20ஆம் ஆண்டுகளுக்கான அரசுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியா முழுவதிலும் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54ஆக இருந்தது. பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் பெறுமானமுள்ள உதவியை, பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் அரசு வழங்குகிறது. 108 அவசர ஊர்தி ஒரு தொலைபேசி அழைப்பில் புறப்பட்டு வருகிறது. இவ்வளவு இருக்கையில் நாம் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று நன்கொடையாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் அது ஏறத்தாழ 1.1 விழுக்காடு. இவ்வளவு சிறிய தொகையினரின் துன்பம் மாநிலச் சராசரியை அசைக்காது. ஒரு மலைக்கிராமத்தில் ஆண்டுக்கு ஒரு தாய் இறந்தாலும் மாநிலப் புள்ளிவிவரம் மேம்பட்டுக்கொண்டேதான் போகும். சராசரி நன்றாக இருப்பதாலேயே சிலர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

பிரசவத்தில் தாய் ஏன் இறக்கிறாள் என்பதை மருத்துவம் படிக்காதவர்களும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பணத்தை எங்கே போடுவது என்ற முடிவு அதைப் பொறுத்ததே. பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் இரத்தப்போக்கு, மிகை இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, கிருமித்தொற்று ஆகியவை. இவற்றுள் இரத்தப்போக்குதான் மிக வேகமாகக் கொல்வது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அது சுருங்காமல் தளர்ந்து கிடந்தால் குழாயைத் திறந்துவிட்டதுபோல் இரத்தம் கொட்டும். அந்த நேரத்தில் அருகில் இருப்பவர் வயிற்றின்மேல் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்து இறுக்க வேண்டும், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசியைப் போட வேண்டும், சிறுநீர்ப்பையைக் காலியாக்க வேண்டும், நரம்பில் நீர்மம் ஏற்ற வேண்டும், மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்று சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பதால், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இடத்தில் ஊசிமருந்து குப்பியில் இருந்தும் பயனற்றுப் போகலாம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்கும் பெண் தாங்கிக்கொள்ளும் இரத்த இழப்பை 7 கிராம் இருக்கும் பெண்ணால் தாங்க முடியாது. ஆகவே கர்ப்பத்தின் தொடக்கம் முதலே இரத்தசோகையைக் கவனித்து வருபவரும், பிரசவ வலி வரும் இரவில் பக்கத்தில் இருப்பவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் முகாமால் இந்த இரண்டில் எதையும் செய்ய முடியாது.

நீலகிரியைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய் அரிவாள் செல் நோய். இந்தியாவில் அதன் மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். 1952ஆம் ஆண்டிலேயே அது அறிவியல் இதழில் பதிவானது. இந்நோய் உள்ள பெண் கருவுறும்போது கடும் வலித்தாக்குதல், தொற்று, இரத்த அழுத்தம் எனப் பல ஆபத்துகள் கூடுகின்றன. அவளுடைய இரத்தசோகையின் காரணம் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சோதித்துப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு வருவது அவளுக்கு மருத்துவம் செய்ததாகாது. இந்திய அரசு 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் இந்நோய்க்கென ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கி, 2047க்குள் இதை ஒழிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. பரிசோதனைக்கு அரசு வரும். முடிவு தெரிந்தபின் ஒன்பது மாதமும் அந்தப் பெண்ணோடு இருக்கப்போவது யார் என்பதே கேள்வி.

நான் உடன் சென்ற ஒரு முகாமில், தேயிலைத் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகும் பணியர் என்னும் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் வரிசையில் நின்றிருந்தார். ஏழாம் மாதம். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.4. எங்கள் மேசையில் இருந்த இளம் மருத்துவர் அக்கறையோடுதான் பேசினார். கீரை சாப்பிடச் சொன்னார், முப்பது மாத்திரைகள் கொண்ட ஓர் அட்டையைக் கொடுத்தார், அடுத்த வாரமே நகரத்து மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுக்கும்படி ஒரு தாளில் எழுதித் தந்தார். அந்தப் பெண் தலையசைத்துவிட்டுத் தாளை நான்காக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். நான் பின்னாலேயே போய், எப்போது போவீர்கள் என்று கேட்டேன். காலை ஒரு பேருந்து, மாலை ஒரு பேருந்து என்றார். போனால் அன்றைய கூலி போய்விடும், கணவரும் வந்தால் இருவர் கூலியும் போகும், பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை என்றார். கடைசியாகத் தணிந்த குரலில், “அங்க போனா நம்மள யாரும் மதிச்சுப் பேச மாட்டாங்கம்மா” என்றார். அன்று மாலை நாங்கள் குழுப்படம் எடுத்துக்கொண்டு மலையிறங்கினோம். அந்த 7.4 என்ற எண் எங்கள் அறிக்கையில் “பரிசோதிக்கப்பட்டவர்கள்” என்ற கூட்டுத்தொகைக்குள் சேர்ந்தது. அவருக்குக் குழந்தை எங்கே பிறந்தது, எப்படிப் பிறந்தது என்று விசாரித்துச் சொல்ல அந்த ஏற்பாட்டில் ஒருவரும் இல்லை.

மலைவாழ் பெண்கள் மருத்துவமனைக்கு வர மறுப்பதை அறியாமை என்று நம்மவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வலியில் இருக்கும் பெண்ணைத் துணையின்றித் தனியே படுக்க வைத்து, அவளுக்குப் பழக்கமில்லாத முறையில் மல்லாந்து கிடக்கச் சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால் அதட்டி, “ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய்” என்று எல்லார் முன்னாலும் கேட்கும் இடத்துக்கு யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். நம் வீட்டுப் பெண்களும் போக மாட்டார்கள். பிரசவத்தின்போது பெண் தான் விரும்பும் துணையோடு இருக்கலாம், தனக்கு இசைவான நிலையில் பிள்ளை பெறலாம் என்பதை உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. இது சலுகையன்று, நல்ல மருத்துவத்தின் ஒரு பகுதி. அச்சமில்லாத பெண் ஆபத்து அறிகுறியைச் சீக்கிரம் சொல்வாள். அவள் வாய் திறந்து சொன்னால்தான் எந்த மருத்துவராலும் எதுவும் செய்ய முடியும் என்பதை ஒவ்வொரு பிரசவ அறைத் தாதியும் அறிவார்.

இதற்கான வழியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, தமிழ்நாட்டு மலைகளிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் அஸ்வினி என்னும் தொண்டு அமைப்பு 1990ஆம் ஆண்டில் ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கியது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் சமூகங்களைச் சேர்ந்த இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்துத் தாதியராகப் பயிற்றுவித்து, அம்மருத்துவமனையை அவர்கள் கையில் ஒப்படைக்கும் நோக்கோடு அது வளர்ந்தது. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990களின் தொடக்கத்தில் ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அங்கேயும் அதே கதைதான். பள்ளிப்படிப்பை அதிகம் தொடராத மலைவாழ் பெண்கள் பயிற்சி பெற்று, பிரசவம் பார்க்கவும் அறுவைச் சிகிச்சை அரங்கில் உதவவும் தேர்ந்தார்கள். சொந்த ஊர்ப்பெண் வெள்ளைச் சீருடையில் நிற்கும் மருத்துவமனைக்குக் கர்ப்பிணி தானாக நடந்து வருகிறாள், அவளுடைய மாமியாரும் நம்பி அனுப்பி வைக்கிறார். எத்தனை விழிப்புணர்வுப் பேச்சுகள் நிகழ்த்தினாலும் வராத நம்பிக்கை அது.

நமக்குப் பக்கத்தில் மலேசியாவிலும் இப்பாடம் கிடைத்திருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் கோலாலம்பூரை அடுத்த கோம்பாக்கில், ஒராங் அஸ்லி எனப்படும் அந்நாட்டுப் பழங்குடியினருக்காக அமைந்த மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பமே வந்து தங்க இடமளித்தார்கள். ஒராங் அஸ்லி இளையர்களையே மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். வெகு தொலைவில், கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள புவிர்னிட்டுக் ஊரில், இனுவிட் என்னும் பனிநிலப் பழங்குடிக் கர்ப்பிணிகளைப் பேறுகாலத்துக்குப் பல வாரங்கள் முன்பே தெற்கு நகரங்களுக்கு விமானத்தில் அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. குடும்பத்தைப் பிரிந்து, மொழி புரியாத ஊரில் தனியே பிள்ளை பெற்றுத் திரும்பினார்கள். 1986இல் அவ்வூரிலேயே பேறுகால நிலையம் தொடங்கி, இனுவிட் பெண்களை மருத்துவச்சிகளாகப் பயிற்றுவித்தபின் பெரும்பாலான பிரசவங்கள் சொந்த மண்ணிலேயே நிகழ்கின்றன. பனிநிலத்துக்கும் நீலகிரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் பலன் தந்தது ஒன்றே.

சிங்கப்பூரர்களாகிய நமக்கு இது புரியாத செய்தியாக இருக்கக் கூடாது. 1966இல் தேக்காவை அடுத்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் பிறந்து, அது உலகச் சாதனையாகப் பதிவானது. இம்மடலைப் படிக்கும் மூத்தோர் பலர் அங்கே பிறந்தவர்களாகவே இருப்பீர்கள். அந்தப் பெரிய மருத்துவமனைக்குள் நம் பாட்டிமார்கள் தயங்காமல் காலெடுத்து வைத்ததற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. 1927 முதல் தாதி ஐடா சிம்மன்ஸ் சிங்கப்பூரின் கம்பங்கள் எனப்படும் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று தாய்சேய் நலப் பணியைக் கட்டியெழுப்பினார். உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்துத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். போர்க்காலச் சிறைவாசத்துக்குப் பிறகும் பணிக்குத் திரும்பி 1948 வரை தொடர்ந்தார். அவர் ஒரு நாள் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இத்தீவின் குழந்தைகள் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். இருபதாண்டுகள் ஒரே வேலையை விடாமல் செய்ததால் வந்த பலன் அது.

தாதியர் பயிற்சிக்கு அடுத்தபடியாக நான் கேட்பது பேறுகாலக் காத்திருப்பு இல்லங்களுக்கான உதவி. பிரசவ நாள் நெருங்கும்போது கர்ப்பிணி மலையிலிருந்து இறங்கி, மருத்துவமனைக்கு அருகிலேயே சில நாள்கள் தங்கியிருந்தால், இருட்டில் தூளி கட்டித் தூக்கி வரும் அவலம் நேராது. இதை உணர்ந்த தமிழ்நாட்டு அரசு மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இத்தகைய அறைகளை ஏற்படுத்தியிருக்கிறது. ஆயினும் நான் பார்த்த ஓர் அறையில் இரண்டு கட்டில்களும் ஒரு மின்விசிறியும் மட்டுமே இருந்தன. அடுப்பு வைக்க இடமில்லை, மூத்த பிள்ளை படுக்கப் பாய்கூட இல்லை, துணைக்கு வந்த பெண் இரவில் வராந்தாவில் சுருண்டு கிடந்தார். அறையின் பாதியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. இப்படிப்பட்ட இடத்தில் எந்தத் தாய் ஒரு வாரம் தங்குவாள்? காத்திருப்பு இல்லம் என்றால் அதில் சமையலறை வேண்டும், துணைக்கு வரும் இருவருக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் படுக்க இடம் வேண்டும், அவர்கள் உண்ணும் உணவைச் சமைத்துக்கொள்ள அரிசியும் விறகோ எரிவாயுவோ வேண்டும், கணவர் இழக்கும் கூலிக்கு ஈடாக ஒரு சிறு தொகையும் வேண்டும். ஸ்கேன் கருவி வாங்கிக் கொடுத்து அதன்மேல் அமைப்பின் பெயரைப் பொறிக்க ஆசைப்படுவோர், இந்தச் சமையலறையைக் கட்டிக்கொடுக்க முன்வந்தால் நான் பெரிதும் மகிழ்வேன்.

பணம் அனுப்புவதில் உள்ள நடைமுறைகளைச் சுட்டிக்காட்டுவதும் என் கடமை, ஏனெனில் “அதெல்லாம் சிக்கல், முகாம்தான் எளிது” என்று கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு அறப்பணி ஆணையரின் அனுமதி தேவை. பொதுவாக அவ்வாறு திரட்டும் நிதியில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. தனிப்பட்ட முறையில் உறுப்பினர்களிடமும் நண்பர்களிடமும் திரட்டும் நிதிக்கு இவ்விதியிலிருந்து விலக்குக் கேட்க வழியிருக்கிறது. இந்தியப் பக்கத்தில், பணத்தைப் பெறும் அமைப்பு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கின் வழியாகத்தான் வர வேண்டும், பெற்ற அமைப்பு அதை மற்றோர் அமைப்புக்கு மாற்றித்தர இயலாது, நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எனவே நகரத்தில் உள்ள இடைத்தரகு அமைப்பிடம் கொடுத்து மலைக்கு அனுப்பச் சொல்லும் பழைய வழி அடைபட்டுவிட்டது. மலையில் நேரடியாகப் பணியாற்றும் பதிவு பெற்ற அமைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வழி. மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் ஊழியரின் சம்பளம் நிர்வாகச் செலவாகக் கொள்ளப்படுவதில்லை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். இவ்விதிகள் கடினமானவை, ஆனால் கடக்க முடியாதவையல்ல. உங்கள் நிர்வாகக் குழுக்களில் கணக்காய்வாளர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு ஏற்ற வேலை இது.

முகாமுக்குச் செல்வதால் நம் இளையர்கள் சேவை மனப்பான்மை பெறுகிறார்கள் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். பல், கண் பரிசோதனைகளுக்கு முகாம் பயனுள்ளது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கர்ப்பிணிகளின் விஷயத்தில் மட்டும் அது பொருந்தாது. செல்ல விரும்பும் தாதியரும் தாதிமைப் பயிற்றுநர்களும் தாராளமாகச் செல்லட்டும். ஆனால் சில வாரங்கள் தங்கி, உள்ளூர்த் தாதியரோடு இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் பயிற்சியையும் மூச்சுவிடாத பச்சிளங்குழந்தையை உயிர்ப்பிக்கும் பயிற்சியையும் பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்துபார்த்து வரட்டும். ஆண்டுதோறும் அதே ஊருக்கு, முடிந்தால் அதே ஆட்கள் செல்லட்டும். பிரசவ அறையில் படம் எடுப்பதை அறவே நிறுத்துங்கள். நம் மகள் பிள்ளை பெறும்போது அயலார் ஒருவர் கைப்பேசியோடு நிற்பதை நாம் பொறுத்துக்கொள்வோமா?

அங்குள்ள பாரம்பரிய மருத்துவச்சிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். பிரசவம் முழுவதையும் அவர்கள் பொறுப்பில் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரத்தப்போக்கையும் வலிப்பையும் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது. ஆனால் அந்த மூதாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தால் கர்ப்பிணி மருத்துவமனைப் படியேறுவாள். அவருக்கு அங்கே ஒரு நாற்காலியும் மரியாதையும் கிடைத்தால், அடுத்த கர்ப்பிணியை அவரே அழைத்து வருவார். எந்த ஊரில் இல்லம் வேண்டும், எந்தப் பெண்ணைப் படிக்க அனுப்பலாம் என்பதை அவ்வூர்த் தாய்மார்கள் கூடி முடிவு செய்யட்டும். நன்கொடை நம்முடையது என்பதற்காக முடிவும் நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை.

துணைத்தாதி மருத்துவச்சிப் படிப்பு இரண்டு ஆண்டுகள், பொதுத் தாதிமைப் பட்டயப்படிப்பு மூன்று ஆண்டுகள். இன்று ஒரு பெண்ணைச் சேர்த்தால் அவள் பணியில் அமர்வதற்குள் உங்கள் நிர்வாகக் குழு ஒருமுறையாவது மாறிவிடும். ஆகவே இந்த நிதி தலைவர் மாறினாலும் நிற்காதபடி, தனிக் கணக்கில், எழுத்து வடிவிலான பத்தாண்டு உறுதிமொழியோடு இருக்க வேண்டும். படிப்பை இடையில் நிறுத்திவிடும் பெண்ணுக்கும் திருமணமாகிப் போய்விடும் பெண்ணுக்கும் அதில் இடமிருக்க வேண்டும். சிலர் திரும்பி வருவார்கள், சிலர் வரமாட்டார்கள்.

அடுத்த ஆண்டுக்கான முகாம்களைத் திட்டமிட நீங்கள் கூடும் கூட்டத்தில் இம்மடலைப் பொருள்நிரலில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இருபது பேருக்கான விமானச் சீட்டு, தங்குமிடம், சட்டைகள், பதாகைகள் ஆகியவற்றுக்கு எத்தனை வெள்ளி ஆகிறது என்று பொருளாளர் முதலில் படித்துக் காட்டட்டும். அதே பணத்தில் எத்தனை பெண்களைப் படிக்க அனுப்பலாம் என்று மலையில் பணியாற்றும் அமைப்புகளிடமே எழுதிக் கேளுங்கள். அவர்களின் பதில் வந்தபின் முடிவெடுங்கள். பயிற்சிப் பாடங்களைத் தயாரிக்கவும், இங்குள்ள தாதியரை ஒருங்கிணைக்கவும் என் நேரத்தைத் தரத் தயாராக இருக்கிறேன். என்னோடு பணியாற்றிய தோழியர் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஓய்வுபெற்ற மருத்துவச்சி ஒருவர்
சிங்கப்பூர்